முதலில் கண்ணாடி ஆறட்டும்

கோத்தகிரியிலிருந்து ஓர் அறிவியல் டீச்சர் கேட்டிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்காக 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி (குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும், கையால் தள்ளித் திருப்பும் வகை) வாங்கியிருக்கிறார். குவியத் தொலைவு 1200 மி.மீ., கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை). முதல் நாள் நிலா அருமையாகத் தெரிந்ததாம். அடுத்த வாரம் வியாழனைப் பார்த்தால், கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி ஆடிக்கொண்டே இருந்ததாம். வியாழனின் மேகப் பட்டைகள் தெரியவில்லை, பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்கத் தூசி. மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்துவிடலாமா, இல்லை கடைக்கே திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்கிறார்.

டீச்சர், இரண்டுமே வேண்டாம். துணியை முதலில் கீழே வையுங்கள். 'கொதிக்கிற தண்ணீர்' என்று எழுதினீர்களே, நோய் என்னவென்று அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. உங்கள் கண்ணாடியில் கோளாறு இல்லை, அது இன்னும் ஆறவில்லை. அவ்வளவுதான்.

நான் பழனி மலையில், கொடைக்கானலுக்கு மேலே இருப்பவன். ஆடி (ஒளியைத் திருப்பும் கண்ணாடி) வைத்த தொலைநோக்கியோடு பதினெட்டு வருடப் பழக்கம். மலைமேல் பார்ப்பவர்களுக்கு வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை சூட்டிலிருந்தும் ஈரத்திலிருந்தும் வருபவை. கூடவே வருகிற கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜனவரியில் உங்கள் ஊரில் அறைக்குள் 20 டிகிரி இருந்தால், ராத்திரி 9 மணிக்கு வெளியே 10 டிகிரிக்குப் பக்கம் இறங்கிவிடும். குழாயின் அடியில் இருக்கும் முதன்மை ஆடி நல்ல கனமான கண்ணாடி. தோசைக்கல் அடுப்பை அணைத்த பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதைப் போல, அதுவும் அறையின் சூட்டை விடாமல் வைத்திருக்கும். ஆடியின் முகத்தை ஒட்டி வெதுவெதுப்பான காற்று ஒரு படலமாகக் கிளம்பி, குழாய்க்குள்ளேயே மேலே ஏறும். வியாழனின் ஒளி அந்தக் காற்றைத் தாண்டித்தான் உள்ளே வருகிறது, தாண்டித்தான் வெளியே போகிறது. கோடை மதியத்தில் தார்ச் சாலைக்கு மேல் நெளிகிற காற்றை உங்கள் குழாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பார்க்கிறீர்கள். நிலா ஏன் நன்றாகத் தெரிந்தது என்றால், அது பெரியது, பளிச்சென்றது. 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கில் பார்த்திருப்பீர்கள். வியாழனுக்கு 10 மி.மீ. போட்டிருப்பீர்கள், அது 120 மடங்கு. உருவம் பெரிதாகும்போது நெளிவும் சேர்ந்து பெரிதாகும்.

இதைப் பிள்ளைகளுக்கே காட்டலாம். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை 10 மி.மீ. ஐபீஸில் பிடித்து, ஐபீஸை முன்பின் நகர்த்தும் ஃபோகஸரைத் திருகி, புள்ளி ஒரு தட்டாக விரியும்வரை கலைத்துவிடுங்கள். இப்போது ஒரு பிள்ளையைக் குழாயின் வாய்க்கு முன்னால் உள்ளங்கையை நீட்டச் சொல்லுங்கள். அந்த ஒளித்தட்டின் குறுக்கே, ஊதுவத்திப் புகை போல, விரல்களிலிருந்து சூடு எழுந்து போவது கண்ணுக்கு நேராகத் தெரியும். கையை எடுத்ததும் நின்றுவிடும். கையே நீட்டாமல் தட்டுக்குள் எதுவோ மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தால், அது ஆடியின் சூடு. நான் இதை முதன்முதலில் பார்த்த இரவு, வேறு எதையும் பார்க்காமல் அரை மணி நேரம் கையை நீட்டி நீட்டியே நின்றேன். இயற்பியல் பாடத்துக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

மருந்து சுலபம். பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொலைநோக்கியை வெளியே வைத்து மூடியைத் திறந்துவிடுங்கள். முடிந்தால் இரவு 7 மணிக்கு வைத்துவிட்டு எட்டரைக்கு ஆரம்பியுங்கள். மலையில் இன்னொரு சிக்கல், ராத்திரி போகப் போகக் குளிர் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆடி அதைத் துரத்திக்கொண்டே போகும், எட்டிப் பிடிக்காது. அதற்கு ஆடியின் பின்பக்கம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேனை பேட்டரியில் ஓட விடலாம். அதிர்வு இல்லாமல் ரப்பர் பேண்டில் தொங்கவிட்டால் போதும். சில மாடல்களில் அதற்கென்றே இடம் விட்டிருப்பார்கள்.

எங்கே வைக்கிறீர்கள் என்பதும் இதே கதைதான். பள்ளியின் கான்கிரீட் மொட்டைமாடி வசதியாகத் தோன்றும். ஆனால் பகல் முழுக்க வாங்கிய வெயிலை அது நள்ளிரவுவரை விட்டுக்கொண்டிருக்கும். புல்தரை நல்லது. பார்க்கப்போகும் திசையில் தகரக் கூரையோ புகைபோக்கியோ இருக்கக் கூடாது. ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா பக்கம்தான் உறைபனி வெள்ளையாகப் படியும், கவனித்திருப்பீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் தண்ணீர் போல வடிந்து பள்ளத்தில் தேங்கும். மூடுபனியும் அங்கேயே சேரும். உச்சியில் நின்றால் காற்று குழாயை ஆட்டும். அதனால் பள்ளமும் வேண்டாம், உச்சியும் வேண்டாம். சரிவின் நடுவில், ஒரு கட்டடமோ வேலியோ காற்றை மறைக்கிற இடமாகப் பாருங்கள்.

அப்புறம், எல்லா இரவும் ஒன்றல்ல. மழை கழுவிவிட்ட ராத்திரியில் வானம் கன்னங்கரேலென்று இருக்கும், நட்சத்திரங்கள் கண் சிமிட்டித் தள்ளும். பார்க்க அழகு, கோள்களுக்கு ஆகாது. மேலே காற்று புரள்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு நட்சத்திரக் கூட்டங்களையும் நெபுலாக்களையும் (விண்வெளி வாயு மேகங்கள்) குறைந்த மடங்கில் பாருங்கள். லேசாகப் பால் கலந்தது போன்ற வானமாக, உச்சியில் நட்சத்திரங்கள் சிமிட்டாமல் நிற்கிற இரவில் வியாழனுக்குத் திருப்புங்கள், பட்டைகள் கோடு போட்டது போல நிற்கும். கோத்தகிரியின் உயரத்தில் வளிமண்டலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உங்களுக்குக் கீழே போய்விடுகிறது. சமவெளிக்காரர்களுக்கு இல்லாத வசதி இது. அதற்குக் கொடுக்கிற விலைதான் ஈரம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி கொலிமேஷன். அதாவது இரண்டு ஆடிகளையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவருவது. உங்கள் தொலைநோக்கி மேட்டுப்பாளையத்திலிருந்து அத்தனை வளைவுகளில் குலுங்கி ஏறி வந்திருக்கிறது. திருகாணிகள் அசையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பலர் இதற்குப் பயந்து வருடக் கணக்கில் தொடாமலே இருந்துவிடுகிறார்கள். அவ்வளவு பயப்பட ஒன்றும் இல்லை, பழகினால் ஐந்து நிமிட வேலை.

பகலில், நிழலில் செய்யுங்கள். குழாயைக் கிடைமட்டமாகச் சாய்த்து வையுங்கள். கையிலிருந்து ஆலன் சாவி நழுவினால் அது ஆடிமேல் விழக் கூடாது, அதற்காக. ஃபோகஸரின் பிளாஸ்டிக் மூடிக்கு நட்டநடுவில் ஒரு சின்னத் துளை போட்டு, அதன் வழியாக ஒற்றைக் கண்ணால் பாருங்கள். முதலில் தெரிவது சாய்வாக நிற்கும் சின்னத் துணை ஆடி. அது ஃபோகஸர் குழாய்க்கு நடுவில் வட்டமாகத் தெரிய வேண்டும். பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே சரியாக இருக்கும், தொடாதீர்கள். அதற்குள் முதன்மை ஆடியின் பிரதிபலிப்பு தெரியும். அதைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்புகளும் ஒரே அளவில் தெரிகிறதா பாருங்கள். ஒன்று மறைந்திருந்தால், துணை ஆடியின் மூன்று சின்னத் திருகாணிகளைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாக மாற்றுங்கள். ஒன்றைத் தளர்த்தினால்தான் இன்னொன்றை இறுக்க வேண்டும், இல்லையென்றால் முறுக்கிக்கொள்ளும்.

கடைசிப் படி முக்கியமானது. முதன்மை ஆடியின் நட்டநடுவில் ஒரு சின்ன வளையம் ஒட்டியிருப்பார்கள். நீங்கள் பார்க்கிற துளையின் பிரதிபலிப்பு ஒரு புள்ளியாகத் தெரியும். குழாயின் அடியில் இருக்கும் மூன்று பெரிய திருகாணிகளைத் திருகித் திருகி, அந்தப் புள்ளியை வளையத்துக்குள் உட்கார வையுங்கள். ஒருவர் திருக, ஒருவர் பார்த்துச் சொன்னால் வேகமாக முடியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் இதைப் பிரமாதமாகச் செய்வார்கள். பூட்டுத் திருகாணிகளைக் கடைசியில் மென்மையாக, விரல் பலத்துக்கு மட்டும் இறுக்குங்கள். அழுத்தி இறுக்கினால் உட்கார வைத்த புள்ளி நகர்ந்துவிடும். லேசர் கருவி வேண்டுமா என்று பிறகு கேட்பீர்கள். மலிவான லேசர் தானே கோணலாக இருந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். உங்களுடையது எஃப்/6, அதாவது குவியத் தொலைவு ஆடியின் அகலத்தைப் போல ஆறு மடங்கு. கொஞ்சம் தவறையும் பொறுத்துக்கொள்ளும் தொலைநோக்கி அது. துளை போட்ட மூடியே போதும்.

ராத்திரி ஒரு நட்சத்திரத்தில் சோதித்துவிடுங்கள். மடங்கைக் கூட்டி, ஃபோகஸை இம்மி கலைத்தால், புள்ளியைச் சுற்றி வளையங்கள் தெரியும். எல்லாம் ஒரே மையத்தில் இருந்தால் சரி. ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டு வால்நட்சத்திரம் போல இருந்தால் மறுபடி திருத்த வேண்டும். நட்சத்திரம் முக்கோணமாகத் தெரிந்தால் அது கொலிமேஷன் இல்லை, ஆடியின் கிளிப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற அளவு இடைவெளி விடுங்கள். ஐரோப்பா, அமெரிக்காவில் எழுதிய குறிப்புகளில் இந்தச் சோதனைக்குத் துருவ நட்சத்திரத்தைப் பிடிக்கச் சொல்வார்கள், அது நகராது என்பதால். அவர்களுக்கு அது நடுவானில் நிற்கும். நமக்கு 11 டிகிரி உயரத்தில், எதிர் மலையின் தோளில், பனிமூட்டத்துக்குள் கிடக்கும். அதை விட்டுவிட்டு உயரத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதே என்றும் எழுதியிருந்தீர்கள். வானம் மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. 48 மடங்கில் உங்கள் பார்வை வட்டம் சுமார் 1 டிகிரி, ஒரு பொருள் 4 நிமிடத்தில் கடந்துவிடும். 120 மடங்கில் ஒன்றரை நிமிடம் சொச்சம்தான். இதற்கு ஒரு விடை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 1970 முதல் இயங்குகிற ரேடியோ தொலைநோக்கியைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறீர்களா? 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதுவும் உங்களுடையதைப் போல ஒரு பிரதிபலிப்புத் தொலைநோக்கிதான். கண்ணாடிக்குப் பதில் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அதற்கு இடம் தேடியபோது, வடக்கு தெற்காக 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்தார். அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகப் படுத்துக்கொண்டது. அதை ஒரே அச்சில் உருட்டினால் போதும், ஒரு வானப்பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடர முடியும். மலையையே தாங்கியாக்கிய யோசனை அது. இப்போதும் அந்தச் சரிவைப் பார்க்கும்போது எனக்குச் சிலிர்க்கும். உங்கள் டாப்சோனியனுக்கு அந்த வசதி இல்லை, இரண்டு திசையிலும் தள்ள வேண்டும். பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, பொருளைப் பார்வை வட்டத்தின் நடுவில் வைக்காமல், அது நுழைகிற ஓரத்தில் வைத்துவிட்டு விலகுங்கள். அடுத்த பிள்ளை கண்ணை வைக்கும்போது நடுவுக்கு வந்திருக்கும்.

இன்னொன்று, நம் அட்சரேகையில் கோள்கள் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே போகும். உச்சியில் டாப்சோனியனைத் திருப்புவது கஷ்டம், பக்கவாட்டில் தள்ளினால் குழாய் தன்னையே சுற்றுமே தவிர நகராது. உச்சிக்கு வர ஒன்றரை மணி நேரம் முன்போ, தாண்டிய பின்போ பாருங்கள்.

மடங்கைப் பற்றிச் சுருக்கமாக. இருக்கிற இரண்டு ஐபீஸே ஒரு வருடத்துக்குப் போதும். பிறகு வேண்டுமானால் 6 மி.மீ. ஒன்று வாங்குங்கள், 200 மடங்கு. அதற்கு மேல் நம் காற்று விடுகிற இரவுகள் குறைவு. நெபுலா வண்ணத்தில் தெரியாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படங்களில் இருப்பது கேமரா பல நிமிடம், சில சமயம் மணிக்கணக்கில், சேர்த்த ஒளி. உங்கள் ஆடி வெறும் கண்ணைவிட 800 மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கிறது, ஆனாலும் ஓரியன் நெபுலா சாம்பல் நிறத்தில், சாம்பிராணிப் புகை போலத்தான் தெரியும். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். யாராவது செல்போனை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

சரி, தூசிக்கு வருவோம். டார்ச் அடித்தால் எந்த ஆடியும் அழுக்காகத்தான் தெரியும், நேற்று வாங்கியதும்கூட. குழாயின் வாயில் நிற்கும் துணை ஆடி தன் நிழலாலேயே சுமார் 6 சதவீத ஒளியை மறைக்கிறது. அதைவிடக் குறைவாக மறைக்கும் தூசிக்காக யாரும் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது துடைப்பதைப் பற்றி. ஒளியைத் திருப்புவது கண்ணாடி இல்லை, அதன்மேல் பூசிய அலுமினியம். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 1668-இல் நியூட்டன் செய்த முதல் ஆடி செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம், மங்கினால் மறுபடி தேய்த்து மெருகேற்றலாம். உங்களுடையதில் தேய்க்க எதுவும் இல்லை. என் முதல் ஆடியை நான் உலர்ந்த துணியால் துடைத்தேன். ஒரே துடைப்பு. தூசியில் இருந்த மணல் பொடி வில் வில்லாகக் கீறிவிட்டது. அந்தக் கீறல்கள் இன்றும் அதில் இருக்கின்றன.

ஆனால் மலையில் தூசியைவிட மோசமானது ஒன்று உண்டு, மகரந்தமும் பனித்துளியும் சேர்ந்து ஒட்டிக்கொள்வது. அதை நாளாக விட்டால் பூச்சை அரிக்கும். அந்தக் கறை தெரிந்தால் கழுவலாம், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வையுங்கள். ஆடியைத் தாங்கியோடு எடுத்து, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு, கிளிப்புகளை விடுவியுங்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பில் பழைய துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் ஆடியை வையுங்கள். முதலில் குழாய்த் தண்ணீரை மெல்ல ஐந்து நிமிடம் ஓட விடுங்கள், மணல் பொடி தானாகப் போகட்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு விட்டு, பத்து நிமிடம் ஊற வையுங்கள். மருந்துக்கடைப் பஞ்சை நன்றாக நனைத்து, தண்ணீருக்குள்ளேயே, அதன் சொந்த எடையில் மட்டும், நேர்கோட்டில் ஒரு இழுப்பு. விரல் அழுத்தக் கூடாது. ஒரு பஞ்சு, ஒரு இழுப்பு, தூக்கிப் போட்டுவிடுங்கள். அலசிவிட்டு, கடைசியில் டிஸ்டில்டு வாட்டரை மேலிருந்து ஊற்றுங்கள். பேட்டரிக் கடையில் வாங்கினால் அது வெறும் தண்ணீர்தானா, ஆசிட் கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஆடியைச் செங்குத்தாகச் சாய்த்து உலர விடுங்கள். நிற்கிற துளிகளை டிஷ்யூ தாளின் முனையால் தொட்டால் உறிஞ்சிக்கொள்ளும். மாட்டிய பிறகு மறுபடி கொலிமேஷன்.

கழுவுகிற அவசியமே வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. பனியில் நனைந்த தொலைநோக்கியை உள்ளே கொண்டுவந்ததும் மூடாதீர்கள். குழாயைக் கிடைமட்டமாக வைத்து, திறந்தபடியே காலைவரை உலர விட்டு, பிறகு மூடுங்கள். மூடாமலே விட்டால் குளவி கூடு கட்டும், சிலந்தி வலை பின்னும். ஐபீஸ்களை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மழைக்காலம் முழுக்கப் பையிலேயே விட்டால் வில்லையில் பூஞ்சை மரவேர் போலப் படரும். அடித்தளம் மரத்தூள் பலகை, ஈரப் புல்லில் வைத்தால் ஓரம் ஊதிவிடும். மூன்று செங்கலை வைத்து அதன்மேல் நிறுத்துங்கள், ஓரங்களுக்கு வார்னிஷ் அடித்துவிடுங்கள். சமையலறைக்குப் பக்கத்து அறையில் வைக்க வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். சூரியன் பக்கம் இந்தக் குழாய் திரும்பவே கூடாது. வாய் முழுவதையும் மூடும் சூரிய வடிகட்டி இல்லாமல் ஒரு நொடி பார்த்தாலும் கண் போய்விடும், குழாய்மேல் குறிபார்க்க இருக்கும் ஃபைண்டரும் அப்படியே. பள்ளியில் பகலில் மூடி எப்போதும் பூட்டியது போல இருக்கட்டும். சூரியனைக் காட்ட ஆசையிருந்தால் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்கு அழைத்து வாருங்கள். அங்கே சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்ததும் அங்கேதான். இரண்டாவது, காட்டுமாடும் கரடியும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஐபீஸில் கண் வைத்தவருக்குப் பின்னால் என்ன வருகிறதென்று தெரியாது. கட்டடத்தை ஒட்டியே வையுங்கள். ஒரு பெரியவர் பார்க்காமல், சுற்றிலும் கவனித்துக்கொண்டு நிற்கட்டும்.

இவ்வளவும் ஆன பிறகு, தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன் ஒன்றைப் பிடித்துவிடுங்கள். மே மாத நடுவில் ராத்திரி 10 மணிக்கு, நிலா இல்லாத நாளில், சித்திரை நட்சத்திரத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து நேர் தெற்கே, கையை நீட்டி மூடிய முஷ்டியால் மூன்றரை முஷ்டி கீழே இறங்குங்கள். வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு நட்சத்திரம் தெரியும். அது ஒமேகா சென்டாரி, சுமார் ஒரு கோடி நட்சத்திரங்களின் உருண்டை. லண்டனில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. உங்கள் பள்ளி மைதானத்திலிருந்து 31 டிகிரி உயரத்தில் நிற்கும். 25 மி.மீ. ஐபீஸைப் போடுங்கள். ஆடி ஆறியிருந்தால், அந்தப் பஞ்சு உருண்டை ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே தனித்தனிப் புள்ளிகளாக உடையும், அரைத்த ரவையைக் கறுப்புத் துணியில் கொட்டியது போல. முதலில் பார்க்கிற பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள்.